ஆர்க்கிட் இலை வாடுதா? எதுவும் ஊத்துறதுக்கு முன்னாடி வேரைப் பாருங்க

என்கிட்ட ஆர்க்கிட் பத்தி கேக்குறவங்க எல்லாரும் அனுப்புறது இலை போட்டோதான். இலை தொங்குது, இலை மஞ்சளாகுது, இலையில கறுப்பா புள்ளி, கூடவே ஒரு கேள்வி, "என்ன உரம் போடலாம்?" நான் திருப்பி கேக்குறது ஒண்ணே ஒண்ணு, வேர் எப்படி இருக்குன்னு பாத்தீங்களா? முக்கால்வாசி பேர் பாத்திருக்க மாட்டாங்க. ரோஜா, செம்பருத்தி வளத்த பழக்கத்துல வேருன்னா மண்ணுக்குள்ள இருக்கிறது, அதைத் தொடக்கூடாதுன்னு மனசுல பதிஞ்சு போச்சு. ஆனா நாம வீட்ல வளக்குற டென்ட்ரோபியம், ஃபெலனாப்சிஸ், வேண்டா எல்லாமே காட்டுல மரத்து மேல ஒட்டிக்கிட்டு வளர்ற ஜாதி, அதோட வேர் காத்துல இருக்கும், மழை பெஞ்சா நனையும், நின்னா சீக்கிரமே காஞ்சுடும். அந்த வேருக்கு நடந்தது பல நாள் கழிச்சுதான் இலையில தெரியுது. அதனால இலையை மட்டும் பாத்து வைத்தியம் பண்ணா பாதி நேரம் தப்பான வைத்தியம்தான் நடக்கும்.

இதுக்கு சரியான உதாரணம் எங்க கீழ் வீட்டு ஆன்ட்டியோட செடி. கல்யாண நாளுக்கு அவங்க பொண்ணு ஒரு வெள்ளை ஃபெலனாப்சிஸ் வாங்கி குடுத்திருந்தாங்க, பெரிய பெரிய பூ, ஹால்ல டீவி பக்கத்துல வச்சு அழகு பாத்தாங்க. பூ கொட்டின கொஞ்ச நாள்ல இலையெல்லாம் தொவண்டு, சுருக்கம் விழுந்து, விரலால மடக்குனா ரப்பராட்டம் மடங்குற நிலைமைக்கு வந்துடுச்சு. ஆன்ட்டி ரொம்ப அக்கறையா தினமும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்திட்டு வந்தாங்க. "தண்ணி பத்தலை போலம்மா, ஊத்த ஊத்த வாடுது" அப்படின்னாங்க.

அந்த செடி ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டிக்குள்ள இருந்துச்சு, வெளியில எடுத்தா அடியில ரெண்டு விரக்கடை தண்ணி நிக்குது. உள்ள இருந்த பிளாஸ்டிக் தொட்டியில இருந்து செடியை மெதுவா உருவுனேன். சுத்தியும் தண்ணியை உறிஞ்சி வச்சுக்கிற ஸ்ஃபேக்னம் பாசி இறுக்கமா அடைச்சிருக்கு, மேல் பக்கம் தொட்டா லேசா காஞ்ச மாதிரிதான் இருக்கு, ஆனா நடுவுல நர்சரியில சின்ன கன்னா இருக்கும்போதே வச்ச ஒரு பாசி உருண்டை இருக்கு பாருங்க, அது பிழிஞ்சா தண்ணி சொட்டுற அளவுக்கு ஊறிக் கிடக்கு, மட்டமான நாத்தம். வேர் ஒவ்வொண்ணா விரலால லேசா அழுத்தி இழுத்துப் பாத்தேன். நல்ல வேர்னா கெட்டியா, அழுத்துனா எதிர்த்து நிக்கும். இதுல பாதிக்கு மேல பழுப்பாகி, மேல் தோல் அப்படியே கழண்டு கையோட வந்துடுச்சு, உள்ள மெல்லிசா ஒரு நரம்பு மட்டும் மிச்சம். தண்ணி குடிக்க வேரே இல்லாத செடிக்குத்தான் தினமும் ஒரு டம்ளர் தண்ணி போயிட்டு இருந்திருக்கு. ஆன்ட்டி அதைப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

இதுதான் ஆர்க்கிட்ல பெரிய குழப்பம். தண்ணி பத்தாத செடியோட இலையும் தொவளும், தண்ணி அதிகமாகி வேர் அழுகின செடியோட இலையும் தொவளும், இலையைப் பாத்தா ரெண்டும் ஒண்ணேதான். வேர்லதான் வித்தியாசம். காஞ்ச செடியோட வேர் வெள்ளி கலர்ல இருக்கும், மெலிஞ்சு போயிருந்தாலும் உள்ள கெட்டியா இருக்கும், தண்ணில நனைச்சா கொஞ்ச நேரத்துல பச்சையாகும். வேர் மேல வெலமென்னு ஒரு பஞ்சு மாதிரி உறை இருக்கு, அது தண்ணியை இழுத்ததும் உள்ள இருக்கிற பச்சை வெளிய தெரியுது, அதனாலதான் இந்த கலர் மாற்றம். அழுகின வேர் பழுப்பு இல்லன்னா கறுப்பு, கொழகொழன்னு இருக்கும், எவ்வளவு நனைச்சாலும் பச்சையாகாது. முதல் வகைக்கு தொட்டியோட ஒரு அரை மணி நேரம் தண்ணில முக்கி வச்சு எடுத்து நல்லா வடிய விட்டா போதும், தொடர்ந்து ஒழுங்கா தண்ணி குடுத்தா தேறிடும். ரெண்டாவது வகைக்கு தண்ணியை நிறுத்தணும், அழுகினதை வெட்டணும், தொட்டியை மாத்தணும்.

ஆன்ட்டி செடிக்கு என்ன பண்ணோம்னு சொல்றேன், இதேதான் நீங்களும் பண்ணலாம். கத்தரிக்கோலை கேஸ் அடுப்புல காட்டி ஆறவிட்டு செத்த வேர் எல்லாத்தையும் வெட்டி எடுத்தோம். அந்த நடு உருண்டையையும் பிச்சு எடுத்தாச்சு. மிச்சம் இருந்த நல்ல வேர் கொஞ்சம்தான், அதனால தொட்டியும் சின்னதா, பக்கவாட்டுல ஓட்டை இருக்கிற பிளாஸ்டிக் தொட்டியா எடுத்தோம், வேர் கம்மியா இருக்கும்போது பெரிய தொட்டி வச்சா உள்ள ஈரம் காயாம மறுபடி அழுகும். உள்ள அடுப்புக்கரித் துண்டு, கட்டைவிரல் சைஸ்ல, கழுவி தூசி போனது, நடுநடுல பிழிஞ்ச பாசி கொஞ்சம். செடி ஆடாம இருக்க ஒரு குச்சி வச்சு கட்டியாச்சு, ஆடுற செடியில புது வேர் நுனி உரசி உரசியே செத்துடும். வெயில் நேரா படாத வெளிச்சமான ஜன்னல் பக்கம் வச்சாச்சு. உரம் கிடையவே கிடையாது, வேரே இல்லாதப்ப உரம் போட்டா இருக்கிறதும் கருகும். அப்புறம் பொறுமைதான். சுருக்கம் விழுந்த பழைய இலை முழுசா பழையபடி நிமிராது, அதைப் பாத்து "சரியாகலையே"ன்னு திரும்பத் திரும்ப கிளறக்கூடாது. பாக்க வேண்டியது புது வேர் நுனி, பளபளன்னு பச்சையாவோ லேசா செவப்பாவோ தண்டு பக்கத்துல இருந்து எட்டிப் பாக்கும். அது வந்துட்டா செடி பிழைச்சுக்கும். ஆன்ட்டி செடியில அது வந்தப்ப அவங்களே போட்டோ எடுத்து அனுப்புனாங்க, முதல் தடவையா இலை இல்லாத போட்டோ.

மஞ்சள் இலைக்கு வருவோம். இதுல பதறுறதுக்கு முன்னாடி எந்த இலை மஞ்சளாகுதுன்னு பாருங்க. ஃபெலனாப்சிஸ்ல, வேண்டாவுல எல்லாத்துக்கும் கீழ இருக்கிற ஒரு இலை மட்டும் மெதுவா, நுனியில இருந்து அடி வரைக்கும் ஒரே சீரா மஞ்சளாகி காஞ்சு விழுதுன்னா அது வயசாகி விழுற இலை, விட்டுடுங்க. பாதி மஞ்சளா இருக்கும்போது பிச்சு எடுக்காதீங்க, அதுல இருக்கிற சத்தை செடி திரும்ப எடுத்துக்கிட்டு இருக்கும், தானா கழண்டு வரட்டும். டென்ட்ரோபியத்துல பழைய தண்டு இலை எல்லாத்தையும் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், உடனே செத்துப்போச்சுன்னு நினைச்சு வெட்டிடுறாங்க, வெட்டாதீங்க, அந்த மொட்டைத் தண்டுலதான் தண்ணியும் சத்தும் சேமிச்சு வச்சிருக்கு, புது குருத்துக்கு அது சாப்பாடு போடும், பல சமயம் அதுலயே பூவும் வரும், சின்ன கன்னும் வரும். தண்டு பச்சையா கெட்டியா இருக்கிற வரைக்கும் கை வைக்க வேணாம். காஞ்சு பழுப்பாகி உள்ள கூடா போச்சுன்னாதான் வெட்டணும்.

ஒரே சமயத்துல பல இலை மஞ்சளாகுது, இல்ல நடுக்குருத்து மஞ்சளாகுதுன்னா அது வேற கதை, அன்னைக்கே கவனிக்கணும்.

நம்ம ஊர்ல ஆபத்தான காலம் ஐப்பசி கார்த்திகை. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, நாள் கணக்கா வானம் மூட்டமா இருக்கும், காத்துல ஈரம், எதுவுமே காயாது. ஃபெலனாப்சிஸோட இலையெல்லாம் ஒண்ணா சேர்ற நடுக்குழியில தண்ணி தேங்கி ராத்திரி பூரா நின்னா போதும், குருத்து அழுகி கையோட வந்துடும். அந்த செடிக்கு வளர்ற முனை ஒண்ணுதான், அது போச்சுன்னா மேல வளர வழியில்ல, சில சமயம் அடியில பக்கக்கன்னு விடும், நம்பி இருக்க முடியாது. அதனால மழைக்காலத்துல ஃபெலனாப்சிஸை சாரல் படாத இடத்துக்கு மாத்திடுங்க, தண்ணி காலையில மட்டும் ஊத்துங்க, நடுக்குழியில தண்ணி நின்னா டிஷ்யூ பேப்பர் முறுக்கி உள்ள விட்டு ஒத்தி எடுத்துடுங்க. ஒரு சின்ன டேபிள் ஃபேன் செடி பக்கம் ஓடினாலே பாதி நோய் வராது. இதை நான் ரொம்ப நம்புறேன், மருந்தை விட காத்து பெரிசு.

புள்ளி விழுந்த இலைக்கு ஒரு வழி சொல்றேன். புள்ளியைப் பாத்தவுடனே ஒரு மார்க்கர் பேனாவால அதோட ஓரத்தைச் சுத்தி இலை மேலயே கோடு போடுங்க, பக்கத்துல தேதி எழுதுங்க. மறுநாள் காலையில பாருங்க. கோட்டைத் தாண்டி, தண்ணி கோத்த மாதிரி கசகசன்னு பரவி, சுத்தி மஞ்சளா ஒரு வளையம் கட்டி, மோந்தா நாத்தமும் அடிச்சா அது பாக்டீரியா அழுகல், காத்துட்டு இருக்கக்கூடாது. சில நாள்லயே செடி முழுக்க போயிடும். நெருப்புல காட்டின பிளேடால கறையைத் தாண்டி நல்ல பச்சை பக்கத்துல ஒரு விரக்கடை சேத்து வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை மறுபடி சுடுங்க, வெட்டின வாய்ல பட்டைப் பொடி தடவுங்க, சமையல்ல போடுற அதே பட்டைதான். வேர் மேல மட்டும் பட்டைப் பொடி படாம பாத்துக்கோங்க, வேரை வறட்டிடும். அந்த செடியைத் தனியா வச்சு காஞ்ச இடத்துல விடுங்க, இலை மேல தண்ணி தெளிக்கவே கூடாது. இதுக்கு சாதாரண பூஞ்சை மருந்து அடிச்சா பிரயோஜனம் இல்ல, பாக்டீரியாவும் பூஞ்சையும் வேற வேற.

கோடு போட்ட இடத்துலயே நிக்குது, இல்ல மெதுவா நாள் கணக்குல நகருது, காஞ்ச பழுப்பா குழி விழுந்து, உள்ள வட்டம் வட்டமா வளையம் தெரியுதுன்னா பெரும்பாலும் பூஞ்சை. அதுக்கு உரக்கடையில சாஃப்னு கேட்டா குடுப்பாங்க, கார்பென்டசிமும் மேங்கோசெப்பும் கலந்த பொடி, லிட்டருக்கு 2 கிராம், சாயங்காலமா மாஸ்க், கிளவுஸ் போட்டுக்கிட்டு அடிங்க, குழந்தைங்க, பூனை, நாய் பக்கத்துல இல்லாதப்ப. செம்பு கலந்த மருந்து இருக்கு, மத்த செடிக்கெல்லாம் நல்லா கேக்கும், ஆனா டென்ட்ரோபியத்துக்கு அடிக்காதீங்க, இலையும் குருத்தும் கருகிடும். கடைக்காரர் நல்ல எண்ணத்துலதான் எடுத்துக் குடுப்பார், என்ன செடின்னு நாமதான் சொல்லணும்.

வெயில்ல கருகினது இன்னொரு வகை. சித்திரை வைகாசியில மேற்கு பால்கனி இருக்கிற வீட்ல இது கண்டிப்பா நடக்கும். வெயில் பட்ட பக்கம் மட்டும் முதல்ல வெளுத்து, அப்புறம் வைக்கோல் கலர்ல காஞ்ச திட்டாகி நிக்கும், நாத்தம் கிடையாது, பரவாது. பரவாத திட்டை வெட்ட வேணாம், மிச்ச பச்சை செடிக்கு இன்னும் வேலை செய்யும். கருகுறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிறது சுலபம், மத்தியானம் ரெண்டு மணிக்கு இலையைத் தொட்டுப் பாருங்க, கைக்கு சூடா தெரிஞ்சா இடத்தை மாத்தணும். நிழல்வலை கட்டுறவங்க டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத வலை, ஃபெலனாப்சிஸுக்கு 75 போட்டா சரியா வரும். அதே சமயம் பயந்துட்டு இருட்டு மூலையில வைக்காதீங்க, இலை கரும்பச்சையா தளதளன்னு இருந்தா ஆரோக்கியம்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆர்க்கிட்ல அது வெளிச்சம் பத்தலைன்னு அர்த்தம், அந்த செடி பூக்காது. இளம்பச்சைதான் சரியான கலர்.

அடுத்தது தண்ணி. சென்னையில இதைப் பேசாம ஆர்க்கிட் பத்தி பேசவே முடியாது. இலை நுனி மட்டும் பழுப்பாகி காஞ்சு, அந்த காஞ்சது கொஞ்சம் கொஞ்சமா உள்ள வருது, வேர் நுனி கறுத்துப்போய் நிக்குது, மண் தொட்டியா இருந்தா வெளிப்பக்கம் வெள்ளையா பூத்திருக்கு, இதெல்லாம் ஒண்ணா தெரிஞ்சா உப்புதான். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்துல போர் தண்ணி எப்படி இருக்கும்னு அங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இதுல ஒரு விஷயம் பல வீட்ல நடக்குது, ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற தண்ணியை வீணாக்கக்கூடாதுன்னு பக்கெட்ல பிடிச்சு செடிக்கு ஊத்துறாங்க. நல்ல மனசுதான், ஆனா மெஷின் பிரிச்சுத் தள்ளின உப்பு மொத்தமும் அந்தத் தண்ணிலதான் இருக்கு, ஆர்க்கிட்டுக்கு அதை ஊத்தவே கூடாது, வீடு தொடைக்க வச்சுக்கோங்க. சாஃப்ட்னர் போட்ட தண்ணியும் வேணாம், அதுல கால்சியத்தை எடுத்துட்டு சோடியத்தை விட்டிருக்கும்.

நான் பயன்படுத்துறது மழைத்தண்ணி, மூடி போட்ட டிரம்ல பிடிச்சு வச்சுக்குவேன், கொசு வராம துணி கட்டி. அது தீந்துட்டா ஏசியில இருந்து சொட்டுற தண்ணி, அதுல உப்பு கிட்டத்தட்ட கிடையாது. தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க, பேனா சைஸ்லதான் இருக்கும், தண்ணில விட்டா நம்பர் காட்டும். 200க்கு கீழ இருந்தா நிம்மதியா ஊத்தலாம், 500 தாண்டினா வேற தண்ணி பாருங்க. வேற வழியே இல்லாதவங்க மாசத்துக்கு ஒரு தடவையாவது நல்ல தண்ணியை தொட்டி வழியா நிறைய ஓடவிட்டு சேந்த உப்பைக் கழுவி விடணும். தேங்காய் மட்டைத் துண்டு போடுறவங்களும் அதைப் பல நாள் தண்ணி மாத்தி மாத்தி ஊறவச்சுட்டுப் போடுங்க, மட்டையிலயே உப்பு இருக்கும். எனக்கு சென்னைக்கு மட்டையை விட கரியும் ஓட்டுத் துண்டும்தான் பிடிக்கும், மட்டை மழைக்காலத்துல காயவே மாட்டேங்குது, நாள்பட மக்கி வேரையும் சேத்து அழுக வச்சுடுது.

பூச்சியைப் பொறுத்தவரைக்கும் இலைக்கு அடியிலயும், தண்டை ஒட்டி இருக்கிற இலை உறைக்குள்ளயும் பாக்கணும். மொட்டை மாடியில இருந்த ஒரு டென்ட்ரோபியம் மேலோட்டமா சுத்தமாத்தான் தெரிஞ்சுது, ஆனா இலை பிசுபிசுன்னு ஒட்டுது, எறும்பு வரிசையா தண்டுல ஏறிட்டு இருக்கு. காஞ்ச உறையை நகத்தால மெதுவா உரிச்சேன், உள்ள பஞ்சுப்பொதி மாதிரி மாவுப்பூச்சி வரிசையா அடைஞ்சு உக்காந்திருக்கு. எறும்பு வந்தாலே உறையை உரிச்சுப் பாருங்க. மெடிக்கல்ல கிடைக்கிற 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல பட்ஸை நனைச்சு ஒவ்வொண்ணா தொடைச்சு எடுக்கணும், ஒரு வாரம் கழிச்சு மறுபடி, அதுக்கு அடுத்த வாரமும். முட்டை பொரிஞ்சு வந்துக்கிட்டே இருக்கும், ஒரு தடவையோட நிறுத்தினா வேலைக்காகாது. வேப்பெண்ணெய் அடிக்கிறவங்க வெயில் சாஞ்ச அப்புறம் அடிங்க, எண்ணெய் பூசின இலை மேல வெயில் பட்டா கருகிடும். இலை அடியில வெள்ளி தூவின மாதிரி பொடிப்பொடியா கீறல் தெரிஞ்சா சிலந்திப்பேன், கோடையில காஞ்ச காத்துல வரும், அடிப்பக்கத்தை தண்ணி பீச்சி கழுவினாலே பெருசா குறையும்.

உரம் கடைசியாதான் சொல்றேன், அதோட இடம் அதுதான். நல்ல வேர் இருக்கிற, வளர்ற செடிக்கு மட்டும் தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிற 19:19:19 உரம், லிட்டருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை, முதல்ல வெறும் தண்ணில வேரை நனைச்சுட்டு அப்புறம் உரத்தண்ணி. மழை நாள்ல, நோய் வந்த செடிக்கு, இப்பதான் தொட்டி மாத்தின செடிக்கு வேணாம்.

ஒரே ஒரு பிரச்சனைக்கு மட்டும் மருந்தே இல்ல, அது வைரஸ். புது இலையிலயும் பச்சையும் மஞ்சளுமா ஒழுங்கில்லாத கோடு, மொசைக் போட்ட மாதிரி, பழைய இலையில கறுப்பா குழி விழுந்த கீறல், பூவுல கலர் திட்டுத்திட்டா உடைஞ்சு வர்றது, இப்படி ஒவ்வொரு புது வளர்ச்சியிலயும் திரும்பத் திரும்ப வந்தா சந்தேகப்படணும். சிம்பிடியம் மொசைக், ஓடோன்டோகிளாசம் ரிங்ஸ்பாட்னு ரெண்டு வைரஸ்தான் ஆர்க்கிட்ல அதிகமா வர்றது, ரெண்டுமே சுடாத கத்திரிக்கோல் வழியா ஒரு செடியில இருந்து இன்னொரு செடிக்குப் போகும். அந்த செடியைப் பிரிச்சு யாருக்கும் கன்னு குடுக்காதீங்க, தனியா வைங்க, மனசு வந்தா அப்புறப்படுத்திடுங்க.

ஈசிஆர் பக்கம் நர்சரிக்குப் போனாலும் சரி, தெருவுல வண்டியில வந்தாலும் சரி, வாங்கும்போதே பூவைப் பாத்து மயங்காம செடியைத் திருப்பி இலை அடி, உறை, தொட்டி ஓட்டை வழியா தெரியுற வேர் எல்லாத்தையும் பாத்துடுங்க. நல்லா விக்கிறவங்க "பாருங்க மேடம்"னு தாங்களே தூக்கிக் காட்டுவாங்க. வீட்டுக்கு வந்ததும் மத்த செடிங்களோட சேக்காம மூணு வாரம் தனியா வைங்க, அந்த மூணு வாரத்துலயே பூச்சி இருந்தா வெளிய வந்துடும், அழுகல் இருந்தா தெரிஞ்சுடும், பூ முடிஞ்சதும் அந்த நர்சரி பாசியைப் பிரிச்சு நடு உருண்டையை எடுத்துட்டு கரிக்கு மாத்திடுங்க.